பந்தயம் இல்லாத திங்கட்கிழமை

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் அட்டவணையில் இருபத்தொரு கட்டங்களுக்கு நடுவே இரண்டு வரிகள் மட்டும் வெறுமையாக இருக்கும். புறப்படும் ஊர், சேரும் ஊர், தூரம் எதுவும் இருக்காது. 'ஓய்வு நாள்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். பந்தயத்தின் பின்னால் ஊர் ஊராகப் போகிறவர்களில் பலர் அந்த நாளைப் பயணத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த மலையில் முந்திப் போய் நல்ல இடம் பிடிக்கலாம் என்று விடியும் முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். 2013 ஜூலையில் நானும் என் தாய்மாமாவும் அப்படிக் கிளம்பாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டோம். அந்தத் திங்கட்கிழமையில்தான் இந்தப் பந்தயம் எனக்குப் புரிந்தது.

மாமா புதுச்சேரிக்காரர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) குடும்பம் எங்கள் தாத்தாவுடையது. மாமா இருபது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வூதியம் வாங்கியபின் தென் பிரான்ஸில் தூலோன் துறைமுகத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார். ஜூலை மாதம் வந்துவிட்டால் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் டூர் ஓடும். யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அம்மாவுக்கு எழுதும் கடிதங்களோடு பந்தயப் படங்களைக் கத்தரித்து எனக்கென்று தனியாக மடித்து வைத்து அனுப்புவார். 2013-இல் நடந்தது நூறாவது டூர். "எனக்கு நடை இருக்கும்போதே வந்து பார்த்துட்டுப் போ மாப்ள" என்று அவர் கூப்பிட்டதும் விசாவுக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 14. பிரான்ஸின் தேசிய நாள். ஜிவோர் என்ற ஊரில் புறப்பட்டு 242.5 கிலோமீட்டர் ஓட்டி மோன் வாந்தூ மலையுச்சியில் முடிகிற கட்டம். அந்த வருடத்தின் மிக நீண்ட கட்டமும் அதுதான். நாங்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே, மரம் செடி எதுவும் இல்லாத வெள்ளைச் சரிவில் நின்றிருந்தோம். விளம்பர வண்டிகளின் ஊர்வலம் முதலில் வந்தது. தொப்பியும் மிட்டாயும் பறந்தன. பிறகு ஹெலிகாப்டர் சத்தம். கென்யாவில் பிறந்த கிறிஸ் ஃப்ரூமும் கொலம்பியாவின் நைரோ கின்தானாவும் முன்னும் பின்னுமாக எங்களைக் கடந்தார்கள். கையை நீட்டினால் தொடக்கூடிய தூரம். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் கின்தானாவை விட்டு விலகி ஃப்ரூம் 29 வினாடி முன்னிலையில் வென்றதை மாமாவின் சட்டைப்பையில் இருந்த குட்டி வானொலி சொன்னது. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாகச் சின்னச் சின்னக் கூட்டமாக மற்றவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் வந்தவர்களின் முகங்களில் உப்பு பூத்திருந்தது.

அன்றிரவு மலையடிவாரத்தில் உள்ள பெதுவான் கிராமத்தில் தங்கினோம். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தபோது முந்தின நாள் தெருவை அடைத்திருந்த வேன்களில் பாதியைக் காணோம். மாமா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "மேல ஒருத்தரைப் பார்க்கணும், வா" என்றார்.

பெதுவானிலிருந்து உச்சி ஏறத்தாழ 21 கிலோமீட்டர். முதலில் திராட்சைத் தோட்டங்கள், சாந்த் எஸ்தேவ் வளைவு தாண்டியதும் காடு. பத்துக் கிலோமீட்டருக்கு ஆசுவாசமே தராத ஏற்றம். ஷலே ரெய்னார் என்ற இடத்தில் காடு மெல்ல விலக, அதற்கு மேல் சுண்ணாம்புக் கல் மட்டும்தான். கோடையிலும் பனி மூடியது போலத் தெரிவது அந்தக் கல்தான். ஒரு காலத்தில் தூலோனின் கப்பல் கட்டும் தளத்துக்காக இந்த மலையின் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள் என்பார்கள். 1860-களிலிருந்து ஓக்கும் தேவதாருவும் பைனும் மறுபடி நட்டு வளர்த்தார்கள். "எங்க ஊருக்கு இந்த மலை நிறையக் கொடுத்திருக்கு" என்றார் மாமா.

சாலையில் முந்தின நாளின் வேலை இன்னும் முடியவில்லை. இரும்புத் தடுப்புகளைப் பணியாளர்கள் லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமெங்கும் கட்டி வைத்த குப்பை மூட்டைகள். தார்ச் சாலையில் வீரர்களின் பெயர்கள் வெள்ளைப் பெயின்ட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தப் பெயர்களின் மேல், இப்போது யாரும் கைதட்டாத நேரத்தில், சாதாரண மனிதர்கள் சைக்கிள் மிதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். வயதான தம்பதி, அப்பாவும் மகளும், தனியாக வந்த பெண்கள். முந்தின நாள் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வீரர்கள் கடந்த அதே சரிவை இவர்கள் நடைவேகத்தில் ஏறினார்கள். அந்தச் சரிவு எவ்வளவு கொடியது என்று இவர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

உச்சிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் வலப்பக்கச் சரிவில், படிகளுக்கு மேல், சாம்பல் நிறக் கல் நிற்கிறது. டாம் சிம்ப்சனின் நினைவுக்கல். குனிந்து ஓட்டும் சைக்கிள்காரரின் உருவம் அதில் இருக்கிறது. கல்லின் அடியில் தண்ணீர் போத்தல்கள், வெயிலில் வெளுத்த தொப்பிகள், டியூப், மலையிலிருந்தே பொறுக்கி வைத்த கூழாங்கற்கள். முந்தின நாள் கூட்டத்தில் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. இப்போது எங்களைத் தவிர மூன்று நான்கு பேர் இருந்திருப்பார்கள். மாமா பையிலிருந்து தண்ணீர் நிரம்பிய போத்தலை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டு, அதைக் கல்லின் அடியில் வைத்தார். காலிப் போத்தல்களுக்கு நடுவே அது மட்டும் நிறைந்திருந்தது.

1967 ஜூலை 13. மார்செய் நகரில் புறப்பட்டு வாந்தூ ஏறி இறங்கி கார்பாந்த்ராவில் முடிகிற கட்டம். சிம்ப்சனுக்கு 29 வயது. இங்கிலாந்தின் டரம் பகுதியில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் வெண்கலம், 1965-இல் உலக சாம்பியன். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய நாள் அது. அப்போது வீரர்களுக்கு ஒரு கட்டத்துக்கு நான்கு போத்தல் தண்ணீர்தான். குழுவின் காரிலிருந்து வாங்கிக் குடிக்கக்கூடாது. அதிகம் தண்ணீர் குடித்தால் ஓட்டம் கெடும் என்றே அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். தாகம் தாளாமல் வீரர்கள் வழியில் உள்ள மதுக்கடைகளுக்குள் புகுந்து கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள்; அன்று சிம்ப்சன் குடித்தது பிராந்தி. உச்சியை நெருங்கும்போது சாலையில் இப்படியும் அப்படியும் அலைந்து விழுந்தார். தூக்கி உட்கார வைத்தார்கள். கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி விழுந்தார். பந்தய மருத்துவர் பியேர் துமா சாலையோரத்தில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிப் பார்த்தார். ஹெலிகாப்டரில் அவிஞோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் உயிர் திரும்பவில்லை. உடலில் ஆம்ஃபெடமின் இருந்தது. அவருடைய பனியன் பையிலும் மாத்திரைகள் இருந்தன.

"அன்னிக்கு நான் முகாம்ல இருந்தேன் மாப்ள. ரேடியோவுல சொன்னான். எங்க சார்ஜன்ட் ரேடியோவை நிறுத்திட்டு, 'தண்ணி குடிங்கடா எல்லாரும்'னான். வேற ஒண்ணும் சொல்லல."

மாமாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நாற்பத்தாறு வருடமாக அவர் இந்தச் செய்தியை மனதில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

ஆம்ஃபெடமின் கூடுதல் பலத்தைத் தருவதில்லை. களைப்பை மறைக்கிறது. உடல் 'போதும், நிறுத்து' என்று சொல்வதை மூளைக்கு எட்டவிடாமல் தடுக்கிறது. வெயிலும் நீரிழப்பும் அதோடு சேர்ந்தால் உடல் தன் சூட்டைத் தானே அடக்க வழியில்லாமல் போகிறது. ஓய்வு தேவை என்ற செய்தியை அழித்துவிட்டு ஏறிய மனிதர் இந்த இடத்தில் விழுந்தார். இப்படிப் பார்த்தால், அட்டவணையில் உள்ள ஓய்வு நாளுக்கும் இந்தக் கல்லுக்கும் தொடர்பு இருக்கிறது. பந்தயம் தன் வீரர்களின் உடலைக் கேட்கக் கற்றுக்கொண்டது இதுபோன்ற சாலையோரங்களில்தான். அடுத்த வருடம், 1968-இல், டூர் வித்தெல் என்ற ஊற்றுநீர் ஊரில் தொடங்கியது; அதற்கு ஆரோக்கிய டூர் என்றே பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் மருந்துச் சோதனை வந்தது. காலப்போக்கில் தண்ணீர்க் கட்டுப்பாடும் போனது. 1967-இல் 4,700 கிலோமீட்டருக்கும் மேலாக இருந்த மொத்தப் பாதை, நாங்கள் பார்த்த நூறாவது டூரில் 3,400 கிலோமீட்டர் அளவில் நின்றது.

கீழே இறங்கியபோது பெதுவானில் சந்தை கூடியிருந்தது. அங்கே திங்கள்தோறும் சந்தை. பிளேன் மரங்களின் நிழலில் ஆப்ரிகாட்டும் ஆலிவும் ஆட்டுப்பால் சீஸும் லாவண்டர் தேனும் பரப்பி வைத்திருந்தார்கள். டூர் வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை திங்கட்கிழமைதான் என்று கடைபோட்டிருந்தவர்களைப் பார்க்கவே தெம்பாக இருந்தது. முலாம்பழம் விற்ற அம்மா மாமாவிடம், "இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்து, கையில் கனம் பார்த்து, இரண்டை விலக்கி மூன்றாவதைக் கொடுத்தார். பக்கத்தில் சைக்கிள் உடையில் நின்ற இளைஞனுக்கு அரைப் பழத்தை அங்கேயே வெட்டிக் கொடுத்தார். அவன் அதை மேலிருந்து இறங்கிய களைப்பில் தோல் வரை சுரண்டித் தின்றான்.

பிற்பகலில் கார்பாந்த்ரா பக்கம் போனோம். வீரர்கள் அந்தப் பகுதியின் விடுதிகளில் பரவலாகத் தங்கியிருந்தார்கள். ஒரு விடுதியின் பின்பக்க முற்றத்தில் குழுவின் லாரி நின்றது. கயிறோ காவலோ இல்லை. தொந்தரவு செய்யாமல் ஓரமாக நின்றால் யாரும் எதுவும் கேட்கவில்லை. லாரிக்குள் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஒருவர் ரப்பர் பூட்ஸ் போட்டு, சைக்கிளைத் தாங்கியில் மாட்டி வைத்திருந்தார். முதலில் செயினிலும் பல்சக்கரத்திலும் மசகு கரைக்கும் திரவத்தைத் தடவிப் பிரஷால் தேய்த்தார், கறுப்பாக வழிந்தது. அடுத்து வாளியிலிருந்து சோப்பு நுரை. மேலிருந்து கீழாக, இருக்கை, சட்டம், சக்கரம். பிறகு குழாய்த் தண்ணீர். காற்றடித்து ஈரத்தை விரட்டினார். செயினில் சின்ன அளவுகோலைச் செருகித் தேய்மானம் பார்த்தார். திருப்தி இல்லை, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் செயினைக் கோத்தார். கைப்பிடியில் இருந்த வியர்வை ஊறிய நாடாவை உரித்துப் புது நாடாவை இறுக்கமாகச் சுற்றினார். கடைசியில் பெடலைக் கையால் சுழற்றிக் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டார். அடுத்த சைக்கிள். வரிசையாகச் சாத்தி வைத்திருந்தவை இன்னும் நிறைய இருந்தன. வீரர்களின் ஓய்வு நாளில் அவருக்கு ஓய்வு கிடையாது என்பது அவர் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வீரர்களே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஓய்வு நாளில் எதற்கு ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதை மாமா அங்கே நின்ற மசாஜ்காரரிடம் பிரெஞ்சில் கேட்டார். அவர் தன் தொடையைத் தட்டிக் காட்டிப் பதில் சொன்னார். இரண்டு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் உழைத்த காலை ஒரேயடியாக நிறுத்தினால் உடல், 'வேலை முடிந்தது' என்று நினைத்துவிடும்; மறுநாள் கால் கனத்துப்போகும்; முதல் ஏற்றத்திலேயே பின்தங்குவார்கள். அதனால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மெதுவாக மிதிப்பார்கள். நடுவில் காப்பி குடிப்பார்கள். சாப்பாட்டையும் அன்று குறைக்க வேண்டும். பந்தய நாளின் அளவுக்கே சாப்பிட்டால் உடம்பு மந்தமாகிவிடும். பிறகு மசாஜ், பிறகு தூக்கம்.

"பட்டாளத்துலயும் இதேதான். நீண்ட நடைக்கு நடுவுல பூட்ஸைக் கழட்டாதேம்பாங்க. கழட்டினா கால் வீங்கிடும், திரும்ப மாட்ட முடியாது" என்றார் மாமா. மசாஜ்காரருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சிரித்து மாமாவின் தோளில் கை வைத்தார்.

அங்கே நான் பார்த்தவர்களில் ஒருவரை மறக்க முடியாது. பெயர் தெரியாத வீரர். முந்தின நாள் உப்பு பூத்த முகத்தோடு வந்தவர்களில் அவரும் இருந்திருக்கலாம். மனைவியும் குழந்தையும் அன்றைக்கென்று பார்க்க வந்திருந்தார்கள். அவர் படியில் உட்கார, குழந்தை அவர் முழங்காலுக்கு மேலே, வெயிலில் கருத்த பகுதியையும் தொடையின் வெளுத்த பகுதியையும் பிரிக்கும் கோட்டின் மேல் விரலை ஓட்டி விளையாடியது. அவர் காலை அசைக்காமல் வைத்திருந்தார். அவ்வளவு மெலிந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஓய்வு நாள் இந்தப் பந்தயத்தோடு பிறந்தது. 1903-இல் ஆன்ரி தெக்ரான்ஜ் தன் 'லோத்தோ' பத்திரிகைக்காக முதல் டூரை நடத்தியபோது மொத்தம் ஆறு கட்டங்கள்தான். ஜூலை 1 முதல் 19 வரை நடந்தது. பாரிஸுக்கு வெளியே தொடங்கி லியோன் வரையிலான முதல் கட்டமே 467 கிலோமீட்டர். வென்ற மொரிஸ் காரானுக்கே 17 மணி 45 நிமிடம் பிடித்தது. இரவெல்லாம் ஓட்டினார்கள். பின்தங்கியவர்கள் வந்து சேரவே பொழுது வேண்டியிருந்தது. அடுத்த கட்டம் ஜூலை 5-இல்தான். ஓட்டிய நாட்களை விட ஓட்டாத நாட்களே அதிகம். பிறகு கட்டங்கள் கூடின, தூரங்கள் பிரிந்தன, ஓய்வு நாட்கள் சுருங்கி இன்றைக்கு இரண்டாக நிற்கின்றன.  மூன்று வாரப் பந்தயத்தை மனித உடல் எப்படித் தாங்குகிறது என்ற கேள்விக்கு அந்த இரண்டு நாட்களும் பதிலின் ஒரு பகுதி.

அன்று மாலை அறையில் தொலைக்காட்சிச் செய்தி பார்த்தோம். பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் இருந்த ஃப்ரூமை ஓய்வு நாள் பத்திரிகையாளர் சந்திப்பில் கேள்விகள் சூழ்ந்தன. வாந்தூவில் அவ்வளவு வேகமாக ஏறியது எப்படி, மருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்று எப்படி நம்புவது? ஊக்கமருந்துக் குற்றத்துக்காக லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களை 2012 அக்டோபரில் பறித்தபின் நடந்த முதல் டூர் அது. அந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். காலையில் அந்தக் கல்லின் முன்னால் நின்றவனுக்கு அவை வெறும் பட்டத்தைப் பற்றிய கேள்விகளாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் தன் உடல் சொல்வதைக் கேட்டு ஓட்டுகிறாரா, அதன் வாயை அடைத்து ஓட்டுகிறாரா என்பதுதான் அதில் உள்ள கேள்வி. மாமா முலாம்பழத்தை நறுக்கிக்கொண்டே, "நேர்மையா ஓட்டறவனுக்கு இது பெரிய தண்டனை மாப்ள. முன்னாடி பொய் சொன்னவன் வாங்கின கடனை இவன் கட்டறான்" என்றார்.

மறுநாள் வேசோன் லா ரொமேனில் அடுத்த கட்டம் புறப்படுவதைப் பார்க்கப் போனோம். கையெழுத்துப் போட மேடையேறும் வீரர்களை இந்த முறை நான் வேறு விதமாகப் பார்த்தேன். புது நாடா சுற்றிய கைப்பிடிகள், பளிச்சென்ற செயின்கள், ஒவ்வொரு சைக்கிளிலும் நிரம்பிய இரண்டு போத்தல்கள். தீர்ந்தால் பின்னால் வரும் காரிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நேற்றைய பிற்பகல் இருந்தது. இன்னும் ஆல்ப்ஸ் மலைகள் மிச்சம். ஆல்ப் துவேஸை ஒரே நாளில் இரண்டு முறை ஏற வேண்டிய கட்டமும் வரவிருந்தது.

இந்தப் பந்தயத்தைப் பின்தொடரப் போகிறேன் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். ஓய்வு நாளன்று ஊர் மாறாதீர்கள். முந்தின நாள் மலையை நடந்து பாருங்கள். சந்தை இருந்தால் போங்கள். ஏதாவது குழு தங்கியிருக்கும் விடுதியின் பின்முற்றத்தில் ஒரு மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். டிக்கெட் எதுவும் கிடையாது. மறுநாள் அவர்கள் உங்களைக் கடந்துபோக எடுத்துக்கொள்ளும் அந்தச் சில வினாடிகளில், நிறங்களும் எண்களும் மட்டும் தெரிந்த இடத்தில், தூங்கி எழுந்த, பசியடங்கிய, குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்த மனிதர்களை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.